புதுச் சமையலறை: கொத்தனார் வருமுன் அளந்து வைக்க வேண்டியவை

"மேடை ரெண்டே முக்கால் அடிதானே?" என்று கேள்வியும் பதிலும் தானே சொல்லிக்கொண்டு கயிறு பிடிக்கும் கொத்தனார்கள் நிறைய. வீட்டுக்காரரும் தலையாட்டிவிடுவார். அந்த மேடைக்கு முன்னால் தினமும் மூன்று நான்கு மணி நேரம் நிற்கப்போகிறவரை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். கிரானைட் பதித்த பிறகு உயரத்தை மாற்ற முடியாது. அடுத்த இருபது வருஷத்துக்கு அவருடைய தோளும் இடுப்பும்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் சுமார் 8 × 10 அடி அறைக்கு, சாம்பார், பொரியல், இட்லி, தோசை என்று நம் வீடுகளில் நடக்கும் சமையலுக்கு. அறை பெரிதோ சிறிதோ, வரிசை ஒன்றுதான். முதலில் சமைப்பவரை அளக்க வேண்டும். அடுத்து வேலையை. அறையைக் கடைசியில்.

அடுப்படி மட்டும் சமையலறை இல்லை

சங்கத் தமிழில் அட்டில், பிறகு அடுக்களை, கோயிலில் மடைப்பள்ளி, யாழ்ப்பாணத்தில் குசினி. பெயர் எதுவானாலும், பழைய வீட்டில் அந்த அறைக்குள் இருந்தது பெரும்பாலும் நெருப்பு மட்டுமே. அம்மியும் ஆட்டுக்கல்லும் பின்தாழ்வாரத்தில் கிடந்தன. நெல் குத்தும் உரல் முற்றத்தில். பாத்திரம் தேய்ப்பது கிணற்றடியில், சாம்பலும் தேங்காய் நாரும் வைத்து. நெல் குதிரிலோ பத்தாயத்திலோ இருந்தது, விறகு கொல்லையில். காய் நறுக்குகிறவர் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.

அடுப்பும் தரையிலேயே. கொடியடுப்பில் விறகு வைக்கும் வாய் ஒன்றுதான். பெரிய கண்ணில் சோறு கொதிக்கும்போது, பக்கவாட்டுத் துளை வழியாக மிஞ்சிய அனல் கொடிக் கண்ணுக்குப் போய்க் குழம்பைச் சூடாக வைத்திருக்கும். ஒரே விறகில் இரண்டு வேலை. நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் புகை ஓட்டிடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும், சுவரெல்லாம் கரி, கண்ணெல்லாம் எரிச்சல். தாளிக்கும் புகைக்குக் 'குய்ப்புகை' என்று சங்கத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது.

1965-ல் இண்டேன் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நகரத்து வீடுகளில் அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. சமைப்பவரும் எழுந்து நின்றார். அடுக்குமாடி வந்தபோது கிணற்றடி, தாழ்வாரம், முற்றம் எல்லாம் போய், அங்கே நடந்த வேலை முழுவதும் ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தது. இன்றைய சமையலறைகளின் பாதித் தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அரைக்கும் இடம், தேய்க்கும் இடம், நறுக்கும் இடம், நெருப்பு, சாமான் என ஐந்து இடங்களையும் ஒரே உயரத்தில், ஒரே கல்லில் அடக்கிவிடுகிறோம். அவற்றை மீண்டும் பிரித்துவைப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

முழங்கையிலிருந்து தொடங்குங்கள்

அதிக நேரம் சமைப்பவர், வீட்டுக்குள் எப்படி நடப்பாரோ அப்படி, வெறுங்காலிலோ வீட்டுச் செருப்போடோ நிற்கட்டும். மேல்கை உடம்பை ஒட்டித் தொங்க, முழங்கையை மடக்கி முன்கையைத் தரைக்கு இணையாக நீட்ட வேண்டும். தரையிலிருந்து முழங்கை எலும்பின் அடிப்பக்கம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தடி உயரமுள்ளவருக்கு இது சுமார் 38 அங்குலம் வரும்.

நறுக்கும் மேடைக்கு இதிலிருந்து 4 முதல் 5 அங்குலம் கழிக்க வேண்டும். ஐந்தடிக்காரருக்கு 33. ஆக, கொத்தனார் சொன்ன ரெண்டே முக்கால் அடி நறுக்குவதற்குச் சரிதான். தவறு அடுப்பில் நடக்கிறது.

அதே 33 அங்குல மேடையில் கேஸ் அடுப்பை வைத்துப் பாருங்கள். அடுப்பின் உயரம், பாத்திரம் உட்காரும் கம்பிவரை, சுமார் 4 அங்குலம். அதன்மேல் 7 அங்குலம் உயரமுள்ள சாம்பார் குண்டான். விளிம்பு 44 அங்குலத்துக்கு வந்துவிட்டது. முழங்கையோ 38-ல் இருக்கிறது. அடியில் பிடிக்கிறதா என்று கரண்டியை இறக்கிக் கிண்ட வேண்டுமென்றால் தோளை உயர்த்தி, குதிகாலைத் தூக்கி, ஆவி முகத்தில் அடிக்க உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். கேசரி கிளறும்போது கை சீக்கிரம் விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கேசரி இல்லை, மேடை.

எனவே அடுப்பு இருக்கும் பகுதியை மட்டும் 29 அல்லது 30 அங்குலத்துக்கு இறக்குங்கள். கணக்குப்படி இன்னும் தாழ்த்தலாம். ஆனால் தோசைக்கல் போடும்போது குனிய வேண்டிவரும் என்பதால் இது நடுவழி. கல்லுக்குள் பதிக்கும் ஹாப் வகை அடுப்பென்றால் அது மேடைக்கு மேல் இரண்டு அங்குலம்தான் நிற்கும். அப்போது 31 போதும். எந்த அடுப்பு வாங்கப்போகிறோம் என்பதை மேடை கட்டுவதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

பாத்திரம் கழுவும் இடத்தில் கணக்கு நேரெதிர். கை வேலை செய்வது மேடை மட்டத்தில் இல்லை, சிங்க்கின் அடிமட்டத்தில். 8 அங்குல ஆழ சிங்க் என்றால் 33 அங்குல மேடையில் கை 25-க்கு இறங்குகிறது. இடுப்பு வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிங்க் பகுதியை 34 அல்லது 35-க்கு உயர்த்துங்கள். பெரிய பாத்திரம் கழுவ வசதி என்று 10 அங்குல ஆழ சிங்க்கை விற்பார்கள். அதை 33 அங்குல மேடையில் பதிக்காதீர்கள். ஆழத்தை 8-லேயே வைத்து, அகலத்தை 24 அங்குலமாக்குவது நல்லது. பெரிய குக்கரும் இட்லிப் பானையும் அதில் புரளும்.

ஆக மூன்று மட்டம்: அடுப்பு 30, நறுக்குவது 33, சிங்க் 34 அல்லது 35. படிபோல் தெரியும், பார்க்க அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். அங்கே நின்று சமைக்காதவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

உயரம் வேறுபட்ட இருவர் சமைக்கும் வீட்டில், குள்ளமானவரின் அளவுக்கே கட்டுங்கள். உயரமானவருக்கு இரண்டு அங்குலத் தடிமனில் ஒரு மரப்பலகை வைத்து நறுக்கும் இடத்தை உயர்த்திக் கொடுக்கலாம். உயர்ந்த மேடையைத் தாழ்த்த எந்த வழியும் இல்லை.

எண்ணை நம்பாமல் உடம்பை நம்புகிறவர்கள் இப்படிச் செய்து பார்க்கலாம். வீட்டில் இருக்கும் உறுதியான மேசைமேல் செங்கல்லோ பழைய புத்தகக் கட்டோ அடுக்கி, மேலே பலகை போட்டு, நினைத்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அரைக் கிலோ பீன்ஸை அங்கே நின்று நறுக்குங்கள். தோள் ஏறியிருந்தால் மேடை உயரம், கழுத்து குனிந்து முதுகு இழுத்தால் தாழ்வு. அரை அங்குலம்கூட உடம்புக்குத் தெரியும்.

கட்டும்போது அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கொத்தனார் மேடையைக் கட்டும்போது தரையில் டைல்ஸ் போட்டிருக்காது. அவர் வெறும் கான்கிரீட்டிலிருந்து 33 அங்குலம் பிடிப்பார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து தரை 2 அங்குலம் ஏறும். மேடை 31 ஆகிவிடும். எதிர்த்திசையிலும் நடக்கும்: சிமெண்டுப் பலகை முடிந்த மட்டத்தை 33 என்று வைத்துவிட்டு, மேலே கலவையும் முக்கால் அங்குலக் கிரானைட்டும் போட்டதும் 34½ ஆகிவிடும். சுவரில் முதலிலேயே லெவல் டியூப் பிடித்து, "முடிந்த தரை" என ஒரு கோடும் "கல்லின் மேல்மட்டம்" என ஒரு கோடும் அழியாத மையில் போட்டுவிடுங்கள். வாயால் சொன்னது மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும். கோடு நிற்கும்.

கிரைண்டருக்குத் தாழ்ந்த திண்டு

மின் கிரைண்டரின் ஊர் கோயம்புத்தூர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தமிழ்ச் சமையலறையில் இவ்வளவு முக்கியமான சாமானுக்கு வரைபடத்தில் இடமே இருக்காது. கடைசியில் மேடை மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

33 அங்குல மேடையில் டேபிள் டாப் கிரைண்டரை வைத்தால் பாத்திரத்தின் வாய் நெஞ்சுக்கு வந்துவிடும். உளுந்து அரைபடும்போது நடுநடுவே தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஏறும் மாவைக் கையால் தள்ளிவிட வேண்டும். கை தோளுக்கு மேலே போய் உள்ளே இறங்குகிறது. அரைத்து முடிந்ததும் இன்னும் மோசம். கல்லை எடுத்த பிறகும், மாவோடு கூடிய பாத்திரத்தை நெஞ்சு உயரத்திலிருந்து தூக்கிச் சாய்க்க வேண்டும். ஈரக்கை வழுக்கும். மாவு கொட்டுவதும் விரல் நசுங்குவதும் இந்த நேரத்தில்தான்.

18 முதல் 20 அங்குல உயரத்தில் தனித் திண்டு ஒன்று கட்டுங்கள். 20 × 20 அங்குலம் போதும். அப்போது பாத்திரத்தின் வாய் இடுப்பு மட்டத்தில் வரும், உள்ளே மாவு தெரியும், தூக்கும்போது உடம்பின் பலம் முழுவதும் உதவும். திண்டுக்கு மேல் அலமாரி எதுவும் வேண்டாம், நேர்மேலே காலியாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சுவிட்சும், இரண்டடிக்குள் ஒரு குழாயும் இருந்தால் கல் கழுவும் வேலை அங்கேயே முடிந்துவிடும். சர்வீஸ் பால்கனி இருந்தால் திண்டை அங்கே போடுவது இன்னும் மேல். ஆட்டுக்கல் பின்தாழ்வாரத்தில் இருந்ததற்கு நியாயம் உண்டு. அரைப்பது ஈர வேலை, சத்தமான வேலை.

பாத்திரம் தேய்க்க வேலைக்கு ஆள் வரும் வீடுகளில், அதே பால்கனியில் இன்னொரு சிங்க் வைத்துவிடுங்கள். எச்சில் பாத்திரம் சமையல் நடக்கும் சிங்க்குக்கு வரவே வேண்டியதில்லை.

காகிதம், குண்டூசி, நூல்

அளவு முடிந்தது, இனி யார் எங்கே நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சமையலறையை இப்படிக் கணக்குப் போடும் பழக்கம் அமெரிக்காவில் 1910-களில் பரவியது. கிறிஸ்டின் ஃபிரெடெரிக் என்ற பெண்மணி, தொழிற்சாலைகளில் அப்போது புதிதாகப் பேசப்பட்ட திறன்முறையை வீட்டு வேலைக்குக் கொண்டுவந்தார். ஒரே சாமான்களை இரண்டு விதமாக அடுக்கி, சமைப்பவர் நடக்கும் பாதையைக் கோடாக வரைந்து காட்டினார். ஒன்றில் கோடுகள் சிக்கலாகப் பின்னிக் கிடந்தன. இன்னொன்றில் ஒரே வரிசையாக ஓடின.

இதை நாமும் செய்யலாம். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அறையை அட்டையில் வரையுங்கள். ஃபிரிட்ஜ், சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, மிக்ஸி, சாமான் அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றுக்கும் குண்டூசி குத்துங்கள். ஒரு காலைச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்: இட்லி, தேங்காய்ச் சட்னி, காபி. மாவு ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது, இட்லித்தட்டு அலமாரியிலிருந்து, தண்ணீர் குழாயிலிருந்து. தேங்காய் துருவ ஓரிடம், அரைக்க ஓரிடம், தாளிக்க அடுப்பு. ஒவ்வொரு அசைவுக்கும் நூலை ஊசியிலிருந்து ஊசிக்கு இழுத்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் நூலை எடுத்து அளந்துபாருங்கள். ஊசிகளை இடம் மாற்றி மறுபடியும் செய்யுங்கள். பாதி நீளம் குறைவது அபூர்வமில்லை.

மேற்கத்திய நூல்களில் ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் சேர்ந்து 12 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பார்கள். நல்ல வழிகாட்டிதான். ஆனால் அதில் மிக்ஸியும் கிரைண்டரும் இல்லை. நம் நூல் சோதனை அதைவிட நம்பகமானது.

வேலை ஓடும் திசையைப் பொறுத்தவரை, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் சிங்க், நடுவில் நறுக்கும் மேடை, வலப்பக்கம் அடுப்பு என்று அமைவது எளிது. கழுவிய காய் இடமிருந்து வலமாக நகர்ந்து அடுப்புக்குப் போய்விடும். வாஸ்து பார்க்கிறவர்கள் கிழக்கு நோக்கி நின்று சமைக்க வேண்டும், தண்ணீர் வடகிழக்கில், நெருப்பு தென்கிழக்கு அக்னி மூலையில் என்பார்கள். கிழக்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. இடக்கைக்காரர் இந்த வரிசையைத் திருப்பிக்கொள்வதே நல்லது.

சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் குறைந்தது இரண்டரை அடி வெற்று மேடை விடுங்கள். ஓரடியில் நெருக்கிவிட்டால் நறுக்க இடமிருக்காது. குழாயிலிருந்து தெறிக்கும் தண்ணீர் சூடான எண்ணெயில் விழும். ஃபிரிட்ஜ் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் குடிக்க வருகிறவர் கொதிக்கும் பாத்திரத்தைத் தாண்டி வரக் கூடாது. வாசலுக்கு மூன்றடி வேண்டும். இரண்டரை அடி நிலை வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் உள்ளே நுழையாமல் கதவைக் கழற்றிய வீடுகள் ஏராளம்.

நடைவழி எவ்வளவு? இங்கே பிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். பிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926-ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையல்கூடம் அவருக்கு ஒரு முன்மாதிரி. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஜன்னலடியில் உட்கார்ந்து நறுக்க ஒரு மேடையும் சுழல் முக்காலியும், தட்டுகள் தானே வடியும் சட்டம், மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, அரிசி, மாவு, சர்க்கரைக்கு மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். இழுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று சொல்வதற்கெல்லாம் இதைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

அதில் ஒருவர் மட்டுமே வேலை செய்ய முடியும் என்பது அதன்மீது வந்த பெரிய குறை. நமக்கு அது முக்கியமான பாடம். தீபாவளிக்கு முறுக்கு சுடும் அன்று நம் சமையலறையில் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டுக்கு 36 அங்குல நடைவழி போதும். இருவர் முதுகோடு முதுகு உரசாமல் வேலை செய்ய 48 வேண்டும். 8 அடி அகல அறையில் இருபக்கமும் 24 அங்குல மேடை போட்டால் நடுவில் சரியாக 48 மிஞ்சும். 7 அடி அறையென்றால் ஒரு பக்கத்து மேடையை 12 அங்குலமாகக் குறுக்குங்கள். மிக்ஸி, டப்பாக்கள் வைக்க அது தாராளம். நடைவழியை மட்டும் தொடாதீர்கள்.

பிராங்க்ஃபர்ட் சமையலறையில் உட்கார்ந்து நறுக்கும் ஏற்பாடு இருந்ததை நாம் மறந்துவிட்டோம். அரிவாள்மணைக்குப் பழகிய நமக்கு அது இயல்பாகவே வரும். நறுக்கும் மேடைக்கடியில் இரண்டடி அகலத்துக்கு அலமாரி வைக்காமல் விட்டு ஓர் உயர முக்காலியைத் தள்ளி வைத்தால், சின்ன வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் நிற்க வேண்டியதில்லை. வயதானவர்கள் சமையலில் தொடர்ந்து கைகொடுப்பதற்கு இந்த ஒரு இடம் போதும்.

புகை போகும் வழி

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றியும் மிளகாய் வற்றல் நெடி கூடத்தில் இருமல் வரவைக்கிறது என்றால், பெரும்பாலும் ஃபேனின் குறை இல்லை. காற்று உள்ளே வரும் வழி தவறாக இருக்கும். ஃபேனுக்கு ஒட்டினாற்போல் ஜன்னல் திறந்திருந்தால், ஃபேன் அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்புப் புகை அசையாது. ஃபேன் அடுப்புக்கு அருகில் உயரத்திலும், காற்று நுழையும் வழி எதிர்ச்சுவரில் தாழ்வாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று சமைப்பவரைத் தாண்டி அடுப்பைத் தழுவிக்கொண்டு வெளியேறும்.

நம் 8 × 10 அடி அறை 10 அடி உயரமென்றால் அதன் கொள்ளளவு 800 கன அடி, அதாவது சுமார் 22.6 கன மீட்டர். மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டுமென்றால் 340 கன மீட்டர் வெளியேற வேண்டும். 9 அங்குல ஃபேன் இதைச் செய்துவிடும். பெரிய ஃபேனுக்குப் போகுமுன் வழியைச் சரிசெய்யுங்கள். ஊரில் காற்று அதிகம் அடிக்கும் பக்கத்துச் சுவரில் ஃபேனை வைக்காதீர்கள். வெளிக்காற்று அதை எதிர்த்துத் தள்ளும்.

சிம்னி என்றால் அடுப்புக்கு மேல் 26 முதல் 30 அங்குலம். தாளிப்பு அதிகமுள்ள வீட்டுக்கு, வளைந்த தகடுகளில் எண்ணெயைப் பிடிக்கும் பேஃபிள் ஃபில்டர்தான் சரி. வலை ஃபில்டர் எண்ணெய்ப் பிசுக்கில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 6 அங்குலக் குழாயை நேராகவும் குட்டையாகவும் வெளியே கொண்டுபோங்கள். ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். வெளிக்குழாயே இல்லாமல் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை நம் சமையலுக்கு வேண்டாம். நெடி கொஞ்சம் குறையும், ஆனால் ஆவியும் வெப்பமும் உள்ளேயே தங்கும்.

திறந்த சமையலறைதான் வேண்டும் என்று மனசு வைத்தவர்கள், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தள்ளுகதவாவது போடுங்கள். வறுக்கும்போது மூடிக்கொள்ளலாம்.

கேஸ், தண்ணீர், மின்சாரம்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையை ஒட்டி, வெளிச்சுவரில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் இறக்கி வைக்கக் கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். 14.2 கிலோ சிலிண்டர் இரண்டடிக்குச் சற்றே அதிக உயரம், ஓரடிக்குச் சற்றே அதிக விட்டம். ரெகுலேட்டரை மாட்டிக் கழற்றக் கையும் போக வேண்டும். தாழ்த்திய அடுப்பு மேடைக்கு அடியில் இது இடிக்கும் என்பதால், பக்கத்தில் இருக்கும் 33 அங்குல மேடைக்கடியில் வையுங்கள். ரப்பர் குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழாயை அலமாரிப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவிடாதீர்கள். விரிசல் விட்டாலும் தெரியாமல் போகும்.

சிங்க்கின் கழிவுக் குழாய்க்கு ஓரடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். குறைந்தால் கஞ்சியும் எண்ணெயும் படிந்து அடைக்கும். சிங்க்கடியில் டிராப் எனும் வளைகுழாய் கட்டாயம். அதில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்யக் கை நுழைய வேண்டும் என்பதால் அந்த இடத்தை இழுப்பறை போட்டு அடைக்காதீர்கள்.

இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் சூடாகிக் கருகும். 16 ஆம்பியர் சாக்கெட் குறைந்தது மூன்று வையுங்கள். அவற்றுக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பி, முழுச் சமையலறைக்கும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரக்கையோடு சுவிட்ச் போடும் இடம் இது, இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாக்கெட் மேடையிலிருந்து 8 அங்குலம் மேலே, சிங்க்கிலிருந்து இரண்டடி தள்ளி. அடுப்புக்கு நேர்மேலே சுவிட்ச் வேண்டவே வேண்டாம்.

விளக்கு ஒன்று அறை நடுவில் இருந்தால் சமைப்பவரின் நிழல் அவர் நறுக்கும் காய்மேலேயே விழும். மேல் அலமாரியின் அடியில், முன் ஓரத்தில் நீள எல்.இ.டி. பட்டை ஒன்று வையுங்கள்.

கல்லும் பலகையும்

மேடைக்குக் கிரானைட். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கடப்பா கல் சுண்ணாம்புக் கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெளிறும். பளிங்கும் அப்படித்தான். நம் சமையலில் புளி படாத நாளேது? ஆனால் கீழ் அலமாரித் தட்டுகளுக்குக் கடப்பா போல இன்னொன்று கிடையாது. ஊறாது, கரையான் அரிக்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். தட்டு கடப்பாவில், கதவு மட்டும் அலுமினியத்திலோ பிளைவுட்டிலோ என்பது செலவும் குறைந்த, நாளும் நிற்கும் ஏற்பாடு. முழுப் பெட்டியும் மரத்தில்தான் வேண்டுமென்றால் ஈரம் தாங்கும் தரத்துக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். மரத்தூள் அழுத்திய பலகை சிங்க்கடியில் ஈரம் பட்டதும் ரொட்டிபோல் உப்பும்.

கல் அலமாரிக் கதவைவிட ஓர் அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீட்டலின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய காடி வெட்டச் சொல்லுங்கள். வழியும் தண்ணீர் அந்தக் காடியில் சொட்டாக விழுந்துவிடும், கதவுக்குள் ஓடாது. கீழ் அலமாரியின் அடியில் 3 அங்குலம் உள்வாங்கி, 4 அங்குல உயரத்துக்குக் கால் நுழைய இடம் விடுங்கள். இல்லையென்றால் கால் கதவில் இடிக்கும், உடம்பு பின்வாங்கி முதுகு வளையும்.

அடுப்புக்குப் பின்சுவரில் பெரிய டைல்ஸ், நடுவில் எபாக்ஸி பூச்சு. வெள்ளை சிமெண்டு வைத்தால் முதல் மாதத்திலேயே மஞ்சள் கறை ஏறி, பிறகு போகவே போகாது. தரைக்கு வழுக்காத மேட் டைல்ஸ்.

சாமான் அடுக்க ஒரு வரி போதும்: தினம் தொடுவது முழங்காலுக்கும் கண்ணுக்கும் நடுவில், பண்டிகைக்குத் தொடுவது பரணில், கனமானது தரையில். 25 கிலோ அரிசி டிரம்முக்குச் சக்கரம் வைத்து மேடையடியில் தள்ளுங்கள். அஞ்சறைப்பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும், அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம். ஆவி ஏறிப் பொடிகள் கட்டிபிடிக்கும்.

கணக்கை முடிக்கும் முன்

கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சிங்க்கை விளிம்புவரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். காகிதம் நனைந்தால் அங்கே கசிவு. மேடையில் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டுங்கள். அது சிங்க்கை நோக்கி நகர வேண்டும். வயிற்றை நோக்கி வந்தால் கல்லைத் திருப்பிப் பதிக்கச் சொல்லுங்கள். தரையில் ஒரு வாளி ஊற்றி, வடிகால் பக்கம் முழுவதும் போகிறதா, எங்காவது குளம்போல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுப்பு வைக்கும் இடத்தில் ஊதுபத்தி கொளுத்தி ஃபேனைப் போடுங்கள். புகை நேராக ஃபேனுக்குப் போகாமல் கூடத்துப் பக்கம் திரும்பினால், ஒவ்வொரு ஜன்னலாக மூடியும் திறந்தும் எந்த நிலையில் சரியாகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஊதுபத்தியை அணைத்து எடுத்த பிறகே கேஸ் இணைப்புக்கு வர வேண்டும். சோப்பு நுரையை ரெகுலேட்டர், குழாய், அடுப்பு சேரும் இடங்களில் தடவுங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து வைத்து, சுவிட்ச் எதையும் தொடாமல், கேஸ் ஏஜென்சி ஆள் வந்து சரிசெய்த பிறகுதான் பால் காய்ச்ச வேண்டும்.